கொல்லைச் செடிக்கு வயல் மருந்து வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் ஒரு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லையில் மாதுளைச் செடி. காயெல்லாம் ஓட்டை விழுந்து கொட்டுதுன்னு, பருத்திக்கு அடிச்ச மருந்தில் மிச்சம் இருந்ததை வீட்டுக்காரர் அதுக்கும் அடிச்சிட்டார். நாங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே மூணு வயசுப் பேத்தி அந்தக் காயைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். அக்கா ஓடிப்போய்ப் பிடுங்கினார். அன்னைக்குத் தப்பிச்சோம். 2013-ல் பீகாரில் பள்ளி மதிய உணவில் பூச்சிமருந்து கலந்து 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்திதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இத்தனைக்கும் அந்த மருந்தால் பலனும் இல்லை. மாதுளையில் ஓட்டை போடுவது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. தாய்ப்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் முட்டை வைக்கும். புழு பொரிந்து நேரே காய்க்குள்ளே போய்விடும். உள்ளே இருக்கிற புழுவை வெளியே அடிக்கிற மருந்து என்ன செய்யும்?

காய் எலுமிச்சங்காய் அளவு வந்ததும், துடைத்துவிட்டு, பழைய வாயில் புடவைத் துணியில் பை தைத்துக் கட்டிவிடுங்கள். தையல் தெரிந்தவர்கள் நம்ம குழுவில் நிறையப் பேர் இருக்கீங்க. ஓட்டை விழுந்த காயைக் குப்பையில் போடாதீங்க. உள்ளே இருக்கிற புழு பூச்சியாகித் திரும்ப நம்ம செடிக்குத்தான் வரும். பொறுக்கி எரித்துவிடணும்.

அடுத்தது மாவுப்பூச்சி. இதில் நானே ஒரு தப்பு செய்தேன். எங்க வீட்டுக் கொய்யாவில் வெள்ளையாக இருந்ததையெல்லாம் சோப்புத் தண்ணீரில் துடைத்து எடுத்தேன். அதில் பாதி, மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டின் புழு! அதுவும் வெள்ளை மாவு பூசினமாதிரிதான் இருக்கும். ஆனால் உருவம் பெருசு, சுறுசுறுப்பாக ஊரும். மாவுப்பூச்சி அப்பிக்கொண்டு கிடக்கும். ஊருகிறதை விட்டுவிடுங்கள்.

எறும்பையும் கவனிங்க. மாவுப்பூச்சி விடுகிற இனிப்புத் தண்ணிக்காக அதுக்குக் காவல் நிற்பதே எறும்புதான். தண்டில் துணி சுற்றி, துணிமேல் கிரீஸ் தடவினால் ஏறாது. சுவரைத் தொடுகிற கிளையைக் கழித்துவிடணும், இல்லையென்றால் அந்த வழியாக வந்துவிடும்.

அப்பவும் அடங்கலையா? 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வையுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்ததும் தெளிக்கலாம். ஜூன், ஜூலையில் கொட்டை உதிரும்போதே பொறுக்கி நிழலில் காயவைத்துக்கொண்டால் காசு செலவில்லை.

எலுமிச்சை பற்றி ஒரு சகோதரி கேட்டார். இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கிறதைத் தொட்டுப் பாருங்கள். நெளிந்தால் அது புழு. கறிவேப்பிலைக்கும் அதுதான் வரும். கையால் எடுத்துப் போட்டாலே போதும், எங்க வீட்டில் பிள்ளைகளே அந்த வேலையைப் பார்த்துவிடுவார்கள்.