கல் லாரி செல்லும் வழியை முன்கூட்டியே வகுப்போம்
(பர்கூர் வட்டார உழவர்களுக்கான உரை)



பர்கூர், ஜெகதேவி பகுதிகளில் கருங்கல் குவாரியும் மாந்தோப்பும் அடுத்தடுத்து இருந்து வருகின்றன. இங்கு வெட்டப்படும் 'பாரடைசோ' என்னும் வண்ணக் கருங்கல் வெளிநாடுகளிலும் விலைபோகிறது. குவாரியால் பலருக்கு வேலையும் கிடைக்கிறது. ஆனால் குவாரியிலிருந்து நெடுஞ்சாலை வரை லாரி ஓடும் வழி சரியாக அமையாவிட்டால், தோப்பு, ஏரி, ஊர்ச் சாலை மூன்றும் கெடும். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இன்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் புதிய குவாரி அமையக் கூடாது. இந்தத் தூரம் குவாரிக்குத்தான். லாரி செல்லும் வழிக்கு அல்ல. ஆகவே வழியைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும்.

பாரமும் சாலையும்

ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 டன் எடையுள்ளது. 3 மீட்டர் நீளமும், 1.5 மீட்டர் அகலமும், 1.5 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு கல் 18 டன்னுக்கு மேல் இருக்கும். மூன்று அச்சுள்ள பத்துச் சக்கர லாரி, வண்டி எடையும் சேர்த்து 25 டன் இருக்கலாம் என்றிருந்ததை, 2018-இல் மத்திய அரசு 28.5 டன்னாக உயர்த்தியது. அப்படியும் இந்த ஒரு கல்லே ஏறக்குறைய முழுப் பாரமாகிவிடும்.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் நடந்த சாலைச் சோதனையில் ஓர் உண்மை தெரிந்தது. அச்சின் மேல் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் சுமார் 16 மடங்காகிறது. ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றினாலே சேதம் இரட்டிப்பாகும். டிராக்டருக்கும் சிற்றுந்துக்கும் போட்ட ஊராட்சிச் சாலை இதைத் தாங்காது.

வழி வகுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. குறுக்கு வழியே நல்ல வழி என்று எண்ணக் கூடாது. சுற்றிச் சென்றாலும் ஊரையும் பள்ளிக்கூடத்தையும் தவிர்க்கும் வழியே நல்லது.

2. ஏரிக் கரைமேலும் மதகின் மேலும் பார லாரி ஓடக் கூடாது.

3. மண் கொட்டிச் சாலை உயர்த்தும்போது வரத்துக் கால்வாய் அடைபடும். கால்வாய் குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும், மழைவெள்ளம் தடையின்றிப் போகும் அளவுக்குச் சிறுபாலம் வேண்டும். இல்லாவிட்டால் மேல்நிலம் மூழ்கும், ஏரி நிரம்பாது.

4. பாரத்துடன் இறங்கும் சரிவு 16 அடிக்கு 1 அடிக்கு மேல் இல்லாதிருப்பது நல்லது. செங்குத்தான இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம்.

5. நெடுஞ்சாலையில் சேருமிடம் இருபுறமும் தொலைவு வரை தெரியும்படி இருக்க வேண்டும்.

புழுதியும் மாவும்

நாளொன்றுக்கு 20 லோடு என்றால், போக வர 40 முறை லாரி ஓடும். பத்து மணி நேர வேலையில் கால் மணிக்கு ஒரு லாரி என்று கணக்காகிறது. மண் சாலையானால் புழுதி அடங்க நேரமே இராது. இலைமேல் படியும் புழுதி வெயிலைத் தடுத்து, இலைத்துளைகளை அடைக்கிறது. மார்கழி முதல் மாசி வரை மா பூக்கும் காலத்தில் பூவில் படிந்தால் மகரந்தச் சேர்க்கை கெடும். மல்பெரி இலையில் படிந்தால் பட்டுப்புழுவுக்கு ஆகாது.

ஆகவே தோப்பை ஒட்டிய பகுதிக்குத் தார் போட வேண்டும். மற்ற இடங்களில் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்தத் தண்ணீரும் பாசனக் கிணற்றிலிருந்து அல்லாமல், குவாரிக் குழியில் தேங்கும் மழைநீராக இருப்பது நல்லது. ஜல்லி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டாயம் வேண்டும். காய் பறிக்கும் காலத்தில் மாங்காய் டிராக்டர்கள் கூழ் ஆலைக்குச் செல்லும் நேரத்தையும், பள்ளி நேரத்தையும் ஒதுக்கிக் கல் லாரிகளை விட வேண்டும்.

எங்கே சொல்வது?

2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவைப்படும் குவாரிகளுக்கு, 30 நாட்களுக்குக் குறையாத அவகாசம் தந்து செய்தித்தாளில் விளம்பரம் வரும். வரைவு அறிக்கையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கலாம். அதில் லாரி வழி காட்டும் வரைபடத்தை முதலில் பாருங்கள். உங்கள் கால்வாய், மதகு, தோப்பு, பள்ளி ஆகியவற்றைச் சர்வே எண்ணுடன் குறித்து எழுத்து மூலம் கொடுங்கள். "லாரி வேண்டாம்" என்பதைவிட, "இந்த வழி வேண்டாம், அந்த வழியில் விடுங்கள்" என்று சொல்வது பலன் தரும். கூட்டம் தேவைப்படாத குவாரியானால், கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள்.

குவாரி சில ஆண்டுகளில் முடிந்துவிடும். ஏரியும் தோப்பும் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். முதல் லாரி ஓடும் முன்பே வழியைப் பேசி முடிப்போம்.