வாடும் பருத்திக்கு யூரியா மருந்தல்ல

மணலியில் யூரியா, எண்ணூரில் காம்ப்ளக்ஸ் உரம். வடசென்னையில் தயாராகும் உர மூட்டைகள் பருத்தி வயல்களுக்கும் போகின்றன. செடி வாடியதும் பலர் முதலில் தேடுவது யூரியாவைத்தான். அது தவறு. வாடிய செடியின் தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் அது பூசணம் தரும் வாடல் நோய். அந்தப் பூசணம் மண்ணிலிருந்து வேர்வழி ஏறி, நீர் போகும் குழாய்களையே அடைத்துவிடும். யூரியா தரும் தழைச்சத்து மிகுந்தால் நோய் முற்றும். சாம்பல் சத்து செடிக்குத் தாங்கும் வலு தரும்.

விதைக்கும் முன்பே காப்பதுதான் சிறந்த வழி. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற உயிரிப் பூசணக்கொல்லி கலந்து விதையுங்கள். கோடையில் ஆழ உழுங்கள். வாடல் இரு வகை. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியைத் தாக்குவது பியூசேரியம் வாடல். கோவைப் பக்கத்து நீண்ட இழை ரகங்களுக்கு வெர்டிசீலியம் வாடல்தான் தொல்லை. அதைத் தாங்கவென்றே வந்த ரகம் எம்.சி.யு. 5 வி.டி.

நோய் கண்டுவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பன்டசிம் பூசணக்கொல்லி கரைத்து, வாடிய செடியின் வேரிலும் சுற்றியுள்ள செடிகளின் வேரிலும் ஊற்றுங்கள். செத்த செடியை வயலில் விடாமல் பிடுங்கி எரியுங்கள். வெர்டிசீலியம் வந்த நிலத்தில், தண்ணீர் வசதி இருந்தால், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் நெல் போடுங்கள். சந்தேகமா? 1800 180 1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை.