கொரியக் கடற்படைத் தளபதி யி சுன் சின்
(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



ஒரு சங்கத்திலே பதவி வகித்தவர் அடுத்த ஆண்டில் அது கிடையாதுபோனால் கூட்டத்துக்கே வராது நின்றுவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய மனக்கசப்பு எமக்கு நேரும்போது நினைத்துப் பார்க்கத்தக்க ஒருவரின் சரித்திரத்தையே இன்று எடுத்துக்கொண்டோம். அவர் கொரிய தேசத்துக் கடற்படைத் தளபதி யி சுன் சின்.

இவர் 1545ஆம் ஆண்டு சியோல் நகரிற் பிறந்தார். முதன்முறை படைப் பரீட்சைக்குத் தோற்றியபோது குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது, பரீட்சையும் தவறிற்று. 1576இல், முப்பது வயதைக் கடந்த பின்னரே, சித்தியெய்தினார். 1591இல் தென்கரைக் கடற்படையின் ஒரு பகுதி இவர் பொறுப்பில் வந்தது. வந்த நாள்முதல் கப்பல்களையும் ஆயுதங்களையும் சீர்செய்தார். மேற்றளம் மூடப்பட்ட ஆமைக் கப்பலைக் கட்டுவித்தார்.

1592இல் ஹிதேயோஷி அனுப்பிய யப்பானியப் பெரும்படை பூசான் துறையில் இறங்கி, ஏறக்குறைய மூன்று வாரத்தில் சியோலைக் கைப்பற்றியது. தரையிலே கொரியர் தோற்றனர். கடலிலே யி சுன் சின் தோற்கவில்லை. ஹன்சான் தீவருகே, கொக்குச் சிறகை விரித்தாற்போலக் கப்பல்களை வளைவாக நிறுத்திப் பகைவரைச் சூழ்ந்து வென்றார். பகைவருக்குக் கடல்வழியாக உணவும் துணைப்படையும் செல்வது தடைப்பட்டது.

இத்தகையவருக்குக் கிடைத்த பரிசு யாது? சிறைவாசம்! 1597இல் பகைவர் தரப்பிலிருந்து வந்த செய்தியொன்றை நம்பிய அரசவை, கப்பல்களுடன் புறப்படும்படி கட்டளையிட்டது. அது சூழ்ச்சியென ஐயுற்ற அவர் உடனே புறப்படவில்லை. அதன் பயனாகப் பதவி பறிக்கப்பட்டது, சித்திரவதையும் நேர்ந்தது. பின்பு சாதாரணப் போர்வீரனாகப் பணிபுரியும்படி அனுப்பப்பட்டார். அக்காலத்திலேயே அன்னையாரும் காலமானார். நின்று துக்கங்காக்கவும் அவருக்கு இயலவில்லை.

அவருக்குப் பதிலாக வந்த தளபதி ஒரே போரில் கப்பற்படை முழுவதையும் பெரும்பாலும் இழந்து மாண்டார். அரசன் மீண்டும் யி சுன் சின்னையே அழைத்தான். எஞ்சியவை பன்னிரண்டு கப்பல்கள். கடற்படையைக் கலைத்துவிடலாமென அரசவை எண்ணியபோது, பன்னிரண்டு இன்னும் உண்டே என்று அவர் எழுதியனுப்பினார். அவ்வாண்டிலேயே, நீரோட்டம் மிகக் கடுமையான மியொங்நியாங் நீரிணையிலே, பதின்மூன்று கப்பல்களுடன் நின்று நூற்றுக்கு மேற்பட்ட பகைக் கப்பல்களைத் துரத்தினார். தம் கப்பலொன்றையேனும் இழக்கவில்லை.

1598இல் நொர்யாங் போரிலே குண்டுபட்டு விழுந்தபோது, போர் முடியும்வரை தம் மரணத்தை வெளியிடவேண்டாமெனப் பணித்து உயிர்நீத்தார். அவர் எழுதிய போர்க்கால நாட்குறிப்பை 2013இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

வாலிப அன்பர்களே! பதவியைப் பிறர் தரலாம், பிறர் பறிக்கலாம். கடமையுணர்ச்சியோ எம்முடையது, அதை நாமே கைவிட்டாலன்றி எவராலும் பறிக்க முடியாது.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உறுதிப்படாத செய்தியைக் கேட்டு உழைப்பவனை ஒதுக்கிய அரசவை, தன் கப்பல்களையே இழந்தது. அவர் மனங்கசந்து திரும்பி வராதிருந்தால் என்னவாகியிருக்கும்? எல்லோரும் திரும்பி வருவதில்லை. ஆதலால், ஒருவனை விலக்குமுன் அவன் சொல்வதையும் ஒருமுறை கேட்போமாக.