வயசுப் பிள்ளைகளின் காதலும் நமது பொறுப்பும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன், வட்டி பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இன்றைக்கு நம்ம வீட்டில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.

பொண்ணு யார்கிட்டயோ போன்ல பேசறான்னு தெரிஞ்சா பல வீடுகளில் நடப்பது மூன்று. அடி, படிப்பு நிறுத்தம், அவசரக் கல்யாணம். பையன் என்றால் "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடுகிறார்கள். இது நியாயமா?

பதிமூன்று, பதினான்கு வயதில் உடம்பும் மனசும் மாறுகிறது. ஒருவரைப் பிடித்துப் போவது இயற்கை, குற்றமில்லை. ஆனால் பின்விளைவை யோசிக்கிற பக்குவம் மெதுவாகத்தான் வரும். காதல்னா என்னன்னு நாம சொல்லித் தருவதில்லை. சினிமாவும் செல்போனும் சொல்லித் தருது. விடாம பின்னாடி சுத்தினா பொண்ணு சம்மதிப்பாள் என்று பையன் நினைக்கிறான். சந்தேகப்பட்டாத்தான் உண்மையான பாசம் என்று பொண்ணு நினைக்கிறாள்.

அதனால் பிள்ளைகளிடம் நிதானமாக இப்படிக் கேட்போம்: உன்னைப் படிக்க விடறானா? தோழிகளோடு பேச விடறானா? போட்டோ கேட்டு மிரட்டறானா? வேண்டாம்னு சொன்னா மதிக்கிறானா? பையனிடமும் கேட்போம்: அவ வேண்டாம்னா நீ விலகுவியா?

சட்டத்தையும் சொல்லிவைக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். பொண்ணு சம்மதிச்சாள் என்பது கோர்ட்டில் செல்லாது. விரும்பிப் பழகினாலும் உடலுறவு என்று வந்தால் பையன் மீது வழக்கு வரும், அவனுக்குப் பத்தொன்பது வயசா இருந்தாலும் சரி. தண்டனை பத்து வருடத்துக்குக் குறையாது. இரண்டு குடும்பமும் சீரழியும்.

"கட்டி வெச்சுட்டா சரியாப் போகும்" என்பதும் தப்பு. 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பொண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆக வேண்டும். மீறி நடத்தி வைப்பவர்களுக்கு 2 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கலாம். மனைவியே ஆனாலும் 18 வயதுக்குள் உறவு குற்றம்தான் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இங்கேதான் நம்ம குழுவின் பலம் இருக்கிறது. கல்யாணச் செலவுக்கு யாராவது கடன் கேட்டால், பொண்ணோட பள்ளிச் சான்றிதழில் வயசைப் பார்ப்போம். 18 ஆகலேன்னா தீர்மானம் போடாமல் நிறுத்துவோம். அதே வீட்டுக்கு, அந்தப் பொண்ணு படிப்பைத் தொடர கடன் தருவோம். அவசரம் என்றால் 1098-க்குப் போன் செய்வோம். காசு செலவில்லை.

அடிக்குப் பயந்த பொண்ணு, சிக்கல் வந்தால் நம்மிடம் சொல்லாது. வெளியே யாரிடமோ போய் நிற்கும். "எதுவா இருந்தாலும் அம்மாகிட்ட சொல்லு, திட்ட மாட்டேன்" என்று இன்றைக்கு ராத்திரியே வீட்டில் சொல்வோம், சகோதரிகளே. சொன்னபடி நடந்தும் காட்டுவோம்.