முன்ஷி அப்துல்லாவின் குடும்ப வழி

(பொன்விழாச் சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படிக்கிறார்கள். ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்தவர் என்றும் அறிவார்கள். அவருடைய குடும்ப வழி நாகூரைத் தொட்டு வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

1843இல் எழுதி முடித்து, 1849இல் அச்சான 'ஹிக்காயத் அப்துல்லா'வில் அவரே தம் முன்னோரைப் பற்றிக் கூறுகிறார். முப்பாட்டனார் ஷெய்கு அப்துல் காதிர், யமன் நாட்டு அரபியர், மார்க்க ஆசிரியர். கிழக்கு நோக்கிப் பயணம் செய்து நாகூர் வந்தவர், அங்கேயே மணமுடித்தார். ஆண்மக்கள் நால்வர் பிறந்தனர். அவர்களில் முகம்மது இப்ராகிம் மலாக்கா வந்து, ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகளை நிக்காஹ் செய்தார். அவர்களுக்குப் பிறந்தவரே அப்துல்லாவின் தந்தை. மீரா, லெப்பை என்ற பெயர்களைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா?

தாயார் பெயர் செலாமா. அப்துல்லாவுக்கு முன் பிறந்த நான்கு பிள்ளைகளும் சிறு வயதிலேயே மவுத்தாகிவிட்டனர். ஐந்தாவதாக 1796இல் மலாக்காவில் பிறந்தவர் இவர். அவருடைய பாட்டியார் கம்போங் பாலியில் ஓதிக்கொடுக்கும் ஆசிரியை. ஆணும் பெண்ணுமாகச் சுமார் 200 பிள்ளைகள் அங்கே குர்ஆன் ஓதினார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண்மணி நடத்திய பள்ளிக்கூடம் அது!

தமிழ் என்னவாயிற்று? மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அன்றைய வழக்கம். கணக்குக்கும் வணிகத்துக்கும் அது தேவைப்பட்டது. அப்துல்லாவும் இரண்டரை ஆண்டுகள் தமிழ் படித்தார். அந்தப் படிப்பு வீண்போகவில்லை. 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார். அவர் மகன் முகம்மது இப்ராகிம் முன்ஷி ஜொகூர் அரசில் உயர்பதவி வகித்து, தம் பயண நூலை மலாயில் எழுதினார். ஒரு குடும்பத்தின் மொழி மாறியது. ஆனால் வரலாறு அழியவில்லை, ஏனென்றால் அது எழுதிவைக்கப்பட்டது.

அதிலும் ஒரு குறை உண்டு. யமனிலிருந்து வந்தவர் பெயர் இருக்கிறது. பிள்ளைகள் பெயர் இருக்கிறது. நாகூரில் அவரை மணந்த பெண்மணியின் பெயர் இல்லை. அந்த வம்சத்தைத் தமிழ் மண்ணோடு இணைத்தவரே அந்தத் தாய்தான்!

நம் வீடுகளிலும் இதே நிலைதான். கப்பலேறி வந்த பாட்டனாரின் பெயரும் ஊரும் கடையும் நினைவிருக்கும். ஊரில் இருந்து பிள்ளைகளை வளர்த்த பாட்டியின் பெயரைக் கேட்டால், "பெத்தம்மா என்றுதான் கூப்பிடுவோம்" என்பார்கள்.

ஆகவே உங்கள் அனைவரிடமும் என் வேண்டுகோள் இதுதான். வீட்டிலுள்ள பழைய நிக்காஹ் பதிவுகள், அரபுத்தமிழில் எழுதிய கடிதங்கள், கடைக் கணக்கேடுகள், பாஸ்போர்ட்டுகள் எதையும் பழைய காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே வாசித்துக் கேளுங்கள். கபுறுக் கற்களில் உள்ள பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பெண்களின் பெயர்களை எழுதுங்கள், அவைதாம் விரைவில் மறைகின்றன.

1854இல் ஹஜ்ஜை நாடிச் சென்ற பயணத்தில் முன்ஷி அப்துல்லா வஃபாத்தானார். அல்லாஹ் அவருக்கும், பெயர் தெரிந்த, தெரியாத நம் முன்னோர் அனைவருக்கும் மறுமையில் நற்பதவி தந்தருள்வானாக. ஆமீன்.