மூட்டுவலியும் சொக்சோ மனுவும்



தோட்டத்திலே முட்டிவலி இல்லாத வீடு எது? விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போனவர்களுக்கும், இருபது கிலோ செம்பனைக் குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டவர்களுக்கும், நாள் முழுக்கக் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கிய தாய்மார்களுக்கும் ஐம்பது வயதை நெருங்கும்போது முழங்காலும் இடுப்பும் கணக்குக் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. ஆனால் நம்மவர்கள் அதை ஒரு நோயென்றே எண்ணுவதில்லை. “வயசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்று சொல்லி ஒருநாள் பெரட்டுக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள். அப்படிச் சத்தமில்லாமல் நின்றுவிடுவதால் குடும்பத்துக்கு வரவேண்டிய பணம் வராமலே போய்விடக்கூடும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மாதா மாதம் சம்பளச் சீட்டிலே சொக்சோ என்று ஒரு சிறு தொகை பிடிக்கிறார்களே, அதை நாம் பெரும்பாலும் விபத்துப் பணம் என்றுதான் நினைக்கிறோம். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்த நிறுவனம், பெர்கேசோ என்ற பெயரில் இன்று நாம் அறிவது, இரண்டு முக்கியத் திட்டங்களை நடத்துகிறது. ஒன்று ‘பென்சானா கெர்ஜா’, அதாவது வேலையில் ஏற்படும் விபத்துக்கும் தொழில் நோய்க்கும் உரியது. மற்றொன்று இயலாமைத் திட்டம். இதில் கிடைப்பதுதான் மலாயில் ‘பென்சன் இலாட்’ என்று சொல்லப்படும் இயலாமை ஓய்வூதியம். இந்த இரண்டாவதற்கு விபத்து நடந்திருக்கவேண்டும் என்பதில்லை. நோய் வேலையினால் வந்ததென்று நிரூபிக்கவும் வேண்டியதில்லை.

காட்டிலே வழுக்கி விழுந்து முட்டி உடைந்தது, பிறகு அதே முட்டியில் மூட்டுவாதம் கண்டது என்றால் முதல் திட்டத்தின் கீழ் கேட்கலாம். அதற்கு விபத்து நடந்த உடனே அது பதிவாகியிருக்க வேண்டும். விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆகவே விழுந்த அன்றே கிராணியிடம் சொல்லிவிடுங்கள். விழாமலே, ஆண்டுக்கணக்கில் தேய்ந்துபோன முட்டிக்குப் பெரும்பாலும் இரண்டாவது திட்டம்தான் வழி.

இந்த ஓய்வூதியத்துக்குச் சட்டம் கேட்பது மூட்டுவாதம் என்ற நோயின் பெயரை அல்ல. நோய் நிரந்தரமானதா, குணமாக வாய்ப்பில்லாததா என்று முதலில் பார்க்கிறார்கள். அடுத்து, உங்கள் உடல் வலுவுக்கு ஏற்ற வேலை செய்து, அதே தொழிலில் நல்ல உடம்போடு இருப்பவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்காவது உங்களால் சம்பாதிக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். முடியாது என்று ‘ஜெமாஆ டோக்டர்’ எனப்படும் மருத்துவர் குழு முடிவு செய்யவேண்டும்.

சந்தாக் கணக்கு ஒன்றும் உண்டு. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மனுக் கொடுப்பதற்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதங்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் முழு ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. வேலையை விட்ட நாள் முதல் இந்தக் கணக்கு கரைகிறது. ஒரு மாதமும் தவறாமல் கட்டியவர்கூட, நின்று 17 மாதம் வீட்டில் இருந்துவிட்டு மனுக் கொடுத்தால், அந்த 40-இல் சந்தா உள்ளவை 23 மாதங்களே. அப்போது வேறொரு கணக்குப் பார்ப்பார்கள். சொக்சோவில் சேர்ந்தது முதல் உள்ள எல்லா மாதங்களிலும் மூன்றில் இரண்டு பங்கு கட்டியிருக்கிறாரா என்பதே அது. ஒரே தோட்டத்தில் இருபது ஆண்டு உழைத்தவர் இதில் தேறிவிடுவார். இடையிடையே கொந்தராத்து வேலைக்குப் போய், சந்தா விட்டுப்போனவர் என்ன செய்வார்? மூன்றில் ஒரு பங்காவது, அதுவும் குறைந்தது 24 மாதமாவது கட்டியிருந்தால், அவருக்குக் குறைந்த ஓய்வூதியம் உண்டு. அதுவும் இல்லாமல் 12 மாதச் சந்தா மட்டும் உள்ளவருக்கு ஒரே தடவையில் ஒரு தொகை கொடுப்பார்கள்.

வயதும் முக்கியம். 60 வயதுக்கு முன்னே மனுக் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால், அந்த வயதுக்கு முன்பே இயலாமை வந்ததென்றும், அதன்பின் வேலை செய்யவில்லை என்றும் காட்டவேண்டியிருக்கும். அது எளிதன்று.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். சராசரிச் சம்பளம் 1,500 வெள்ளி, பத்தாண்டுச் சந்தா என்று வைத்துக்கொள்வோம். பாதி அடிப்படை. முதல் 24 மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் நூற்றுக்கு ஒன்று கூடும். எட்டு ஆண்டுக்கு எட்டு. ஆக நூற்றுக்கு 58, ஏறக்குறைய 870 வெள்ளி. உச்சவரம்பு நூற்றுக்கு 65. ஓய்வூதியம் பெற்றவர் காலமானால் மனைவி மக்களுக்கும் உதவித்தொகை தொடர்கிறது.

இனி மருத்துவர் குழுவின் முன்னே போவது. நம் ஆண்கள் தடுமாறுவது இங்கேதான். “எப்படி இருக்கு?” என்று டாக்டர் கேட்டால், “பரவாயில்லைங்க டாக்டர், கொஞ்சம் வலிதான்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வருவார்கள்! வீட்டில் இரவெல்லாம் முனகியவர் அங்கே போய் வீரராகிவிடுகிறார். எக்ஸ்ரே படத்தில் எலும்பு தேய்ந்திருப்பது தெரியும். வலி எவ்வளவு என்பது தெரியாது. தேய்மானம் அதிகமிருந்தும் நடப்பவர் உண்டு, குறைவாக இருந்தும் எழமுடியாதவர் உண்டு. ஆகையால் எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எத்தனை படி ஏறமுடிகிறது, உட்கார்ந்தால் கைகொடுத்துத் தூக்கிவிட ஆள் வேண்டுமா, வாளியைத் தூக்கினால் என்ன ஆகிறது என்று உள்ளபடி சொல்லவேண்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கொண்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மலாயோ ஆங்கிலமோ சரளமாக வராதவர் மகளையோ மருமகனையோ உடன் அழைத்துப் போவது நல்லது.

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணெய்க்குச் சீட்டு இல்லை. கிளினிக்குக்கும் அரசாங்க மருத்துவமனைக்கும் போனால்தான் அட்டையில் தேதியும் நோயும் பதிவாகும். சிகிச்சையே செய்துகொள்ளாதவரைப் பார்த்து, இந்த நோய் குணமாகாது என்று எந்த டாக்டர் எழுதுவார்? இன்னொன்று, காலையில் இரு கை விரல்களும் ஒரு மணி நேரம் விறைத்துக்கொண்டு, வீங்கியும் இருந்தால் அது தேய்மானம் அல்ல, முடக்குவாதமாக இருக்கலாம். பெண்களுக்கே அதிகம் வருவது. ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்கலாம். அப்படிப்பட்டவருக்கு ஓய்வூதியமே தேவைப்படாமலும் போகலாம்.

மனு தள்ளப்பட்டது என்று கடிதம் வந்தால், பல வீடுகளில் அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். யாரையாவது கொண்டு காரணத்தை வாசிக்கச் சொல்லுங்கள். காரணம் இரண்டு வகையாக இருக்கும்.

உடம்பைப் பற்றியது என்றால், ‘ஜெமாஆ டோக்டர் ராயுவான்’ என்ற மேல்முறையீட்டு மருத்துவர் குழுவுக்கு எழுதலாம். அதற்கு 90 நாள் தவணை. பழைய காகிதங்களையே மறுபடி அனுப்பிப் பெரிய பயன் இல்லை. எலும்பு நிபுணரின் புதிய அறிக்கை, புதிய எக்ஸ்ரே, இதுவரை செய்த சிகிச்சையின் விவரம் ஆகியவற்றைச் சேருங்கள். “உட்கார்ந்து செய்யும் வேலை பார்க்கலாம்” என்று சொல்லியிருந்தால், உட்காரவும் எழவும் உள்ள சிரமத்தை நிபுணரின் அறிக்கையிலேயே குறிப்பிடும்படி கேளுங்கள். நிபுணரைப் பார்க்க அரசாங்க மருத்துவமனையில் நாள் கிடைக்கத் தாமதமாகும். ஆகவே கடிதம் கிடைத்த வாரமே தேதி கேட்டுவிடுங்கள்.

சந்தா போதாது என்பது காரணமானால், அது டாக்டர் சம்பந்தப்பட்டதல்ல. அந்த வழக்கு சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகவேண்டியது. சம்பளச் சீட்டில் பிடித்தது சொக்சோ கணக்கில் ஏறியிருக்கிறதா என்று முதலில் அலுவலகத்தில் கேட்டுச் சரிபாருங்கள். பழைய சம்பளச் சீட்டுகளைத் தகர டின்னில் போட்டு வைத்திருக்கும் பாட்டிமார் இந்த இடத்திலே பெரிய உதவி! சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் கிளைச் செயலாளரிடமும் சொல்லலாம்.

வேலையை இன்னும் விடாமல் வலியோடு போய்க்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் சொக்சோ அலுவலகத்துக்கு ஒருதடவை போய்க் கேளுங்கள். 2007 முதல் மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் அங்கே நடக்கிறது. மலாக்காவில் அவர்களுடைய மறுவாழ்வு மையமும் இருக்கிறது. போகும்போது அடையாளக் கார்டு, கிளினிக் அட்டை, கடைசிச் சம்பளச் சீட்டு மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.