உருகும் உஷ்ணமும் ஈயச் சொம்பும்

(எல்லைப்புற ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த உபந்நியாசம்)



பாக்கிக் கணக்கைத் தவிர வேறொன்றும் பேசத் தெரியாதவன் என்று என்னைப்பற்றி இங்கே சிலர் சொல்லுவதுண்டு. இன்று அடுப்பைப்பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்ற மாதம் என் வீட்டு ஈயச் சொம்பு உருகிப் பாழாயிற்று. ரசம் வார்க்குமுன் வெறுஞ் சொம்பை அடுப்பில் ஏற்றியவன் நானே.

ஒவ்வோர் உலோகமும் உருகுவதற்கு ஓர் உஷ்ண அளவு உண்டு. சென்டிகிரேட் கணக்கில் வெள்ளீயம் 232 டிகிரியிலும், காரீயம் 327 டிகிரியிலும், அலுமினியம் 660 டிகிரியிலும், பொன் 1064 டிகிரியிலும், செம்பு 1085 டிகிரியிலும் உருகும். இரும்புக்கோ 1538 டிகிரி வேண்டும்.

இரும்பைப்பற்றி நமது ஜில்லாவுக்குரிய செய்தி ஒன்று உண்டு. பர்கூருக்கு அருகில் மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்பின் தொன்மை கி.மு. 2172 வரை செல்வதாக 2022 மே மாதம் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. பழைய கரியுலையும் துருத்தியும் 1538 டிகிரியை எட்டக்கூடியவை அல்ல. பின் இரும்பு எங்ஙனம் கிடைத்தது? அது உருகவே இல்லை! கரியிலிருந்து எழும் வாயு, இரும்புக் கல்லிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்துகொண்டது. ஏறக்குறைய 1200 டிகிரியில் கசடு உருகி வடிந்தது. எஞ்சிய கட்டியைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து அடித்தே கருவி செய்தார்கள்.

இரும்பை உருக்க மாட்டாத நெருப்பும் ஈயச் சொம்பை எளிதில் உருக்கிவிடும். சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நம் வீட்டு அடுப்பின் சுவாலை 232 டிகிரியை வெகுவாகக் கடந்தது. ஆயினும் ரசம் உள்ளேயிருக்கும் வரையில் சொம்புக்குக் கேடில்லை. ரசம் 100 டிகிரியை ஒட்டியே கொதிக்குமாதலால், சுவரில் ஏறும் உஷ்ணத்தை அதுவே வாங்கிக்கொள்ளுகிறது. நம் பாட்டிமார் தெர்மாமீட்டர் இல்லாமலே இதை அறிந்திருந்தார்கள்.

சொம்பு போனால் பண நஷ்டம் மட்டுமே. அதனினும் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வெள்ளீயம், காரீயம் இரண்டையும் ஈயம் என்ற ஒரே சொல்லால் அழைப்பது நமது வழக்கம். இரண்டையும் கலந்தால், தனித்தனியே உருகுவதைவிட விரைவில் உருகும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்குமானால் 183 டிகிரியே போதும். காரீயம் விலையும் மிகக் குறைவு. ஆகவே பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோரில் சிலர் (நம் எல்லைப்புறத்தில் கலாய் என்றும் சொல்லுகிறோம்) இக்கலப்பில் ஆசைகொள்ளக்கூடும். புளியின் அமிலம் காரீயத்தைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும். அது வளரும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம்; தீங்கற்ற அளவென்று அதில் ஒன்றும் இல்லை. பழைய பாட்டரித் தகடுகளை முற்றத்தில் உருக்குவோர் வீட்டிலும் இதே விஷம், புகையாகவும் தூசியாகவும் புகும்.

தூய வெள்ளீயக் கம்பியைக் காதருகே வளைத்தால் கிறீச்சென்று மெல்லிய ஓசை கேட்கும். காரீயம் ஓசையிடாது, காகிதத்தில் தேய்த்தால் கருங்கோடு விழும், கையிலெடுத்தால் பளுவும் அதிகம். ஆனால் கலப்பு சொற்பமாயின் இச்சோதனைகள் போதா. ரசாயன சோதனைசாலைதான் சொல்ல முடியும்.

பூசுகிறவரை மட்டும் குறை சொல்லுவது நியாயமன்று. கூலியைக் குறைத்துப் பேரம் பேசுகிறவர்கள் நாம்தானே? ஆகையால் என் யோசனை இது. சங்கமே தூய வெள்ளீயத்தை மொத்தமாக வாங்கி, ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பி, பிறகு ஒரு நாளைக் குறிக்கட்டும். அங்கத்தினர்கள் பாத்திரங்களைச் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுவந்தால், எல்லோருடைய கண்ணெதிரிலும் பூசலாம். கூலியைக் குறைக்க வேண்டாம். இதைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்புவோர் இன்றே காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். ஈயம் வாங்கிய ரசீதை மாத்திரம் பத்திரமாக வைத்திருங்கள். தணிக்கைக்கு வரும்போது அதைத்தான் முதலில் கேட்பேன்.